ஜூலிக்குப் போட்ட சீருடை

தன் தங்கச்சியின் முகத்தைப் பேர்ணடெற் முதலில் அடையாளம் காணவில்லை.

கனடாவில், மோர்னிங்சைட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பதினொரு வருட வேலை. அன்று காலையிலிருந்து எட்டுப் பேரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட்டு, பன்னிரண்டரைக்குத்தான் இருக்கக் கிடைத்தது. புட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பைப் பார்த்தாள். யாரோ ஒரு நோட்டீசைப் போட்டிருந்தார்கள். மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, நினைவேந்தல். கீழே நாற்பது முகங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சுடர். வருசாவருசம் வருகிறதுதானே என்று விரலால் தள்ளிவிட்டாள். தள்ளிய பிறகு ஒரு முகம் கண்ணில் நின்றது. திரும்ப இழுத்துப் பார்த்தாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண்பிள்ளை. வரிச்சீருடை. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தது. நாடியில் பிறைபோல ஒரு தழும்பு.

அது பேர்ணடெற்றின் சைக்கிள் கரியரிலிருந்து விழுந்த தழும்பு. ஜூலிக்கு அப்போது ஐந்து வயது. அடிவாங்கியது பேர்ணடெற்.

முகத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'ஜூலி. மன்னார். வீரச்சாவு: மே 2009.'

"ஆர் சொன்னது?" என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். எதிரே சூப் குடித்துக்கொண்டிருந்த பிலிப்பீன்ஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

ஜூலி ஒருநாளும் இப்படிப் படம் எடுத்ததில்லை. இது ஓ.எல். பரீட்சைக்கு எடுத்த படம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பள்ளிக்கூட ரை, சிரிப்பை அடக்கத் தெரியாத வாய். அந்த வெள்ளைச் சட்டைக்கு மேலேதான் யாரோ கணினியில் சீருடையை ஏற்றியிருந்தார்கள். வாயையும் விடவில்லை. சிரிப்பைத் துடைத்து உதட்டை இறுக்கிவிட்டிருந்தார்கள்.

புட்டை அப்படியே மூடிவைத்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்து, 401 நெடுஞ்சாலையில் வீடிருக்கும் அஜக்ஸ் வரும்வரை கார் ரேடியோவைப் போடவில்லை.

மகள் நடாஷா குசினி மேசையில் லப்டொப்போடு இருந்தாள். வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வருசந்தான் நினைவேந்தல் குழுவின் இளையோர் அணியில் சேர்ந்திருந்தாள்.

பேர்ணடெற் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். "இந்தப் படம் உவையளிட்டை எப்பிடிப் போனது?"

நடாஷாவின் முகம் மலர்ந்தது. "பாத்திட்டீங்களா? ஐ வோன்டட் டு சர்ப்ரைஸ் யூ, அம்மா. குடும்பத்தில ஆரும் இருந்தா படம் தாங்கோ எண்டு கேட்டவை. உங்கட போன்ல இருந்து நான்தான் எடுத்துக் குடுத்தன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஜில சித்தியைப் பற்றி நான்தான் பேசப்போறன்."

"செத்தவ எண்டு சொன்னியா?"

"இல்லை. மிஸ்ஸிங் எண்டுதான் சொன்னன். அமிர்தநாதர் அங்கிள் சொன்னார், அப்ப அது வீரச்சாவுதான் எண்டு."

"சீருடை?"

"அது அவை போட்டது. எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கட்டும் எண்டு." நடாஷாவின் குரல் தளர்ந்தது. "அம்மா, ஷீ வாஸ் எ ஃபைட்டர், இல்லையா? நீங்கதானே சொன்னீங்கள், சித்தி சண்டையில போயிட்டா எண்டு."

பேர்ணடெற் மேசையில் அறைந்தாள். தேத்தண்ணிக் கோப்பை உருண்டது.

"அவள் ஒரு கோழியைக்கூட அறுக்கமாட்டாள்! ஃபைட்டராம், ஃபைட்டர்!"

அதன்பிறகு, நின்றபடியே, அவள் சொல்லத் தொடங்கினாள். பதினாறு வருசமாக இந்த வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொல்லாததை.

மன்னாரிலிருந்து இரண்டாயிரத்து ஏழில் இடம்பெயரத் தொடங்கிய குடும்பம் அது. பேர்ணடெற் அதற்கு ஒரு வருசம் முன்னரே கலியாணம் கட்டிக் கனடா வந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் ஜூலியும் வெள்ளாங்குளம், கிளிநொச்சி, விசுவமடு என்று ஒவ்வொரு இடமாகக் கொட்டில் போட்டுப் போட்டுக் கழற்றி, கடைசியில் மாத்தளன் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே இரண்டு பயம். வானத்திலிருந்து ஆமியின் செல் குண்டு. தரையில், சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வரும் இயக்கம். வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கியது, பிறகு கணக்கில்லாமல் போய்விட்டது. அம்மா வேரோனிக்கா தறப்பாள் கொட்டிலுக்குள் மணலைத் தோண்டி, தண்ணீர்ப் பீப்பாவை இறக்கி, அதற்குள் ஜூலியை இருத்தினாள். மேலே பலகை. பலகைக்கு மேலே அடுப்பு. பதினேழு வயதுப் பிள்ளை பதினொரு நாள் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆறு பேர் வந்தார்கள். வந்தவர்கள் நேரே அடுப்பைத்தான் காலால் தட்டினார்கள். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஒருவனின் காலைப் பிடித்தாள். அவனும் தமிழ்ப்பிள்ளைதான், "விடுங்கோ அம்மா, விடுங்கோ அம்மா" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே உதறினான். ஜூலியைப் பின்னலில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போன அன்றைக்கே தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள். ஓடினால் அடையாளம் தெரியவேண்டுமாம்.

"ஏப்ரலில அப்பாவைச் செல் கொண்டுபோச்சு," என்றாள் பேர்ணடெற். "பொக்கணையில பாலுக்கு வரிசையில நிண்ட சனத்துக்கு மேல அடிச்சாங்கள். பாதுகாப்பு வலயம் எண்டு அவங்களே சொன்ன இடத்தில. மே பதினாறாம் தேதி ஜூலி எப்பிடியோ தப்பி அம்மாவிட்டை வந்திட்டாள். ரெண்டு நாள். ரெண்டே ரெண்டு நாள் அம்மாவோட இருந்தாள். பதினெட்டாம் தேதி சனத்தோட சனமா வட்டுவாகல் பாலத்தைத் தாண்டிச்சினம். அங்க ஆமி ஸ்பீக்கரில சொல்லிக்கொண்டிருந்தவன், இயக்கத்தில ஒருநாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சிட்டு விட்டுடுவம் எண்டு. ஜூலி பேசாமத்தான் நிண்டாள். ஆனா அந்தத் தலைமயிர். வெட்டின தலைமயிரைப் பாத்திட்டு ஒருத்தன் கைகாட்டிக் கூப்பிட்டான். அம்மாதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய் பஸ்ஸில ஏத்திவிட்டவ. பின்னேரம் விட்டுடுவம் எண்டானாம்."

நடாஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்டையிலயிருந்து அப்பிடி ஒரு பிள்ளையை நாங்கள் காணவேயில்லை எண்டு சொல்லுறாங்கள். உன்ர அம்மம்மா எத்தினை விசாரணை எண்டு ஏறி இறங்கிட்டா. இண்டைக்கும் காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மாரோட றோட்டுக்கரையில அந்த வெள்ளைச் சட்டைப் படத்தோடதான் குந்தியிருக்கிறா. இவை இஞ்ச ஹோலுக்குள்ள அதே படத்துக்குச் சீருடையைப் போட்டு விளக்கு ஏத்தப்போகினமாம்!"

"ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று நடாஷா கேட்டாள்.

பேர்ணடெற் வாசலுக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கொட்டிய தேத்தண்ணியைத் துடைத்தாள்.

லொறி ஓட்டும் கணவன் நிசாந்தன் இரவுச் சாப்பாட்டின்போது கதையைக் கேட்டான். கெட்டவனில்லை. வம்பு சோலியில்லாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவன். "இஞ்சேரும், ஒரு போன் எடுத்து மெதுவாச் சொல்லும். சண்டைக்குப் போகாதையும். நாளைக்குக் கடையில, கோயில் வாசலில இவையின்ர முகத்திலதானே முழிக்கோணும்."

மெதுவாகச் சொல்ல அவள் அமிர்தநாதருக்கு நான்கு முறை போன் எடுத்தாள். நான்கு முறையும் "அண்ணை மீற்றிங்கில நிக்கிறார்" என்றார்கள். சனிக்கிழமை பகல் நேரே நினைவேந்தல் ஹோலுக்குப் போனாள்.

உள்ளே கதிரைகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பெண்கள் திரி திரித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் நிலத்தில் அந்தப் பெரிய பதாகை விரித்துக் கிடந்தது. நோட்டீசில் நகமளவு இருந்த ஜூலியின் முகம் இங்கே ஒரு தட்டளவு இருந்தது.

அமிர்தநாதர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எண்பத்தாறில் கனடா வந்தவர், வீடு விற்றுக்கொடுக்கும் தொழில், ஊரில் கடைசிச் சண்டையை ரிவியில் பார்த்தவர். நிகழ்ச்சி என்றால் அவர்தான். செத்தவீடு என்றாலும் முதலில் வந்து நிற்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அண்ணை, என்ர தங்கச்சியின்ர படத்தை எடுங்கோ."

"ஆர், நடாஷாவின்ர அம்மாவோ? வாங்கோ பிள்ளை. நல்ல பிள்ளை பெத்து வச்சிருக்கிறியள். நாளைக்கு முதல் பேச்சே அவதான்."

"படத்தை எடுங்கோ எண்டு சொன்னனான். அவள் செத்தவள் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அமிர்தநாதர் தலையை ஒரு பக்கம் சரித்துக் குரலைத் தணித்தார். "பதினாறு வருசம் பிள்ளை. நீங்களும் மனசைத் தேத்தத்தானே வேணும்."

"பெத்த தாய் இன்னும் தேத்தேல்லை, நீங்கள் என்னெண்டு தேத்தினனீங்கள்? சரி, அது போகட்டும். இந்தச் சீருடை? இதை அவளுக்கு ஆர் போட்டது? குழிக்குள்ள ஒளிச்சிருந்த பிள்ளையைத் தலைமயிரில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவங்கள் அண்ணை. இழுத்துக்கொண்டு போனவங்களின்ர உடுப்பையே திரும்ப அவளுக்குப் போட்டுவிட்டிருக்கிறியள்!"

திரி திரித்த கைகள் நின்றன. அமிர்தநாதர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சத்தம் போடாதையுங்கோ. அங்க சில பிழையள் நடந்ததுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இப்ப நாங்கள் இனப்படுகொலைக்கு நீதி கேட்டு நிக்கிறம். நாளைக்கு வெள்ளைக்காரர் வந்து முன்வரிசையில இருப்பினம். இந்த நேரத்தில இதைச் சொன்னா ஆருக்கு லாபம்? அவனுக்குத்தானே?"

அந்தச் சொற்களைப் பேர்ணடெற் முன்னரே கேட்டிருந்தாள். கேட்டது அவளுடைய சொந்த வாயிலிருந்து.

இரண்டாயிரத்து ஒன்பது பங்குனி. மாத்தளனிலிருந்து, ஒரு சற்றலைற் போனுக்கு முன்னால் அரைநாள் வரிசையில் நின்று, அம்மா எடுத்தாள். பேசக் கிடைத்தது இரண்டு நிமிசம். "ஜூலியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் பிள்ளை, அங்க இயக்கத்துக்குச் சொல்லக்கூடிய ஆக்கள் இருந்தாச் சொல்லி எடுத்துத் தா" என்று கத்தினாள். அன்றைய பேர்ணடெற் ஒவ்வொரு நாளும் ஊர்வலத்தில் நின்று தொண்டை கட்டிப்போனவள். அவள் சொன்னாள்: "அம்மா, போனில உதுகளைக் கதையாதையுங்கோ. கேட்டுக்கொண்டிருப்பாங்கள். இதைச் சொன்னா ஆருக்கு லாபம்? அவனுக்குத்தானே." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று இரைந்தது. பிறகு லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு வந்த அன்னையர் தினத்தன்று, பதினாலு மாதக் கைக்குழந்தை நடாஷாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, ஆயிரக்கணக்கான சனத்தோடு அவளும் நெடுஞ்சாலையில் ஏறிக் குந்தினாள். உலகமே, எங்கள் அம்மாக்களைக் காப்பாற்று என்று கத்தினாள். தன் அம்மாவின் வாயைப் பொத்திய கையாலேயே கொடியும் பிடித்தாள்.

திரி மேசையில், கயிறு வெட்ட வைத்திருந்த கத்தி கிடந்தது. அவள் அதை எடுத்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பதாகையின்மேல் முழங்காலைக் குத்தி இருந்தபோதுதான் அமிர்தநாதர், "ஏய், ஏய், என்ன செய்யிறீர்?" என்று பாய்ந்து வந்தார். அதற்குள் பிளாஸ்ரிக் சீலையில் கத்தி இறங்கிவிட்டது. மேலே ஒரு வெட்டு, பக்கங்களில் இரண்டு, கீழே ஒன்று. அவசரத்தில் கோணலாகத்தான் போனது. ஜூலியின் முகத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"உங்களுக்கு விசர்!" என்று அமிர்தநாதர் கத்தினார். "எங்கட பிள்ளையளை வெட்டிற அளவுக்கு வந்திட்டியளோ? ஆமிக்காரனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆமிக்காரனிட்டைத்தான் அண்ணை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறன், என்ர தங்கச்சி எங்கயெண்டு. நீங்கள்தான் கேள்வியை முடிச்சு விளக்கு ஏத்துறியள்! அவங்களுக்கு இதைவிட வேற என்ன லாபம் வேணும்?"

ஒரு இளைஞன் எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் வாசலுக்கு நடந்தாள். கார் தரிப்பிடத்தில் பின்னால் யாரோ மூச்சு வாங்க வரும் சத்தம் கேட்டது. திரி மேசையில் இருந்த புனிதவதி அன்ரி. எழுபது தாண்டியவர்.

"பிள்ளை, கொஞ்சம் நில்லும். அந்தத் துண்டைக் காட்டும்."

பேர்ணடெற் காட்டினாள். ஜூலியின் முகத்துக்கு அருகில், கோணல் வெட்டோடு சேர்ந்து, இன்னொருவரின் தோள் வந்திருந்தது. வரிச்சீருடைத் தோள்.

"அது என்ர மகன் சுலக்சன்," என்றார் புனிதவதி. "அவனை ஒருத்தரும் பிடிக்கேல்லை. நான் மறிக்க மறிக்கத் தானாப் போனவன். ஆனையிறவில செத்தவன். அவனுக்கு உதுதான் உடுப்பு. என்னட்டை அவன்ர வேற படமும் இல்லை. வருசத்தில ஒருநாள் இஞ்ச வந்து அழாட்டி நான் வேற எங்க போய் அழுறது?"

பேர்ணடெற்றின் கோபம் போகவில்லை. ஆனால் அது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது.

"அன்ரி, மன்னியுங்கோ. நான் பாக்கேல்லை."

"பாத்திருக்கோணும்," என்றார் அவர், கடுமையாகவே. பேர்ணடெற் கையிலிருந்த கத்தியால், காரின் முன்மூடியில் வைத்து, அந்தத் தோளைத் தனியே வெட்டிக் கொடுத்தாள். கத்தியையும் சேர்த்துக் கொடுத்தாள். புனிதவதி அந்தத் துண்டைச் சேலைத் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டு, ஒட்டுநாடா தேடி உள்ளே போனார்.

பின்னேரத்துக்குள் வீடியோ எல்லாப் போனுக்கும் போய்விட்டது. துரோகி என்றார்கள். எவ்வளவு காசு வாங்கினாள் என்றார்கள். அவளோடு ஒரே இல்லத்தில் வேலை செய்யும் றீற்றா மட்டும், 'நாளைக்கு உம்மட ஷிஃப்ட்டை நான் செய்யிறன்' என்று ஒரு வரி அனுப்பினாள். நடாஷாவுக்கும் ஒரு செய்தி வந்தது. அவளுடைய பேச்சு நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

"சந்தோசமோ?" என்று நிசாந்தன் கேட்டுவிட்டு, மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நடாஷா அழுதாள். "நீங்க வெட்டினது பிழை இல்லை. பட், நீங்க எனக்கு முதலே சொல்லியிருந்தா நான் அந்தப் படத்தைக் குடுத்திருக்கவே மாட்டன். பொய் சொன்னது அவை மட்டுமில்லை, அம்மா."

அப்போதுதான் பேர்ணடெற் மகளுக்கு அந்த இரண்டு நிமிச போனைப் பற்றிச் சொன்னாள். தான் சொன்ன சொற்களை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நடாஷா எழும்பிப் போகாமல் முழுக்கக் கேட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அம்மா போன் எடுத்தாள். அங்கே பின்னேரம் நாலரை. வீடியோ மன்னாருக்கும் போயிருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் பேர்ணடெற் போனைத் தூக்கினாள்.

"வெட்டினனியோ?"

"ஓம் அம்மா."

"வெட்டிப்போட்டு வீட்டுக்க வந்து இருந்தால்? அண்டைக்கும் உப்பிடித்தான், வாயை மூடச் சொன்னனீ. பதினாறு வருசமா நான் உன்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை, ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ எண்டு. கேட்டா நீ தாங்கமாட்டாய் எண்டு விட்டனான். இப்ப கேக்கிறன்."

"பயம் அம்மா. பயமும் விசரும். அப்ப எனக்கு..."

"சரி. இப்ப வாயைத் திற. பிடிச்சுக்கொண்டு போனவங்களையும் சொல்லு, வாங்கிக்கொண்டு போனவங்களையும் சொல்லு. பாதி சொல்லுறதெண்டா சொல்லாத. என்ர கையால குடுத்தனான், அதையும் சொல்லு." அம்மாவின் குரல் உடைந்தது. அழுகையில்லை அது, ஆத்திரம். "இஞ்ச எங்களோட இருந்த கிழவியள் ஒவ்வொண்டாச் சாகுதுகள். நானும் செத்தா அவளை ஆரடி கேக்கிறது?"

நடாஷா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு அவள் ஒரு பெரிய மட்டையோடு கீழே வந்தாள். நடுவில் வெள்ளைச் சட்டைப் படம், வீட்டு பிரின்டரில் எடுத்தது. கீழே, தமிழிலும் ஆங்கிலத்திலும், அவளுடைய உருண்டை எழுத்தில்: 'ஜூலி. பங்குனி 2009: இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. 18 மே 2009: வட்டுவாகலில் தாய் இராணுவத்திடம் கையளித்தார். எங்கே?'

பேர்ணடெற் படித்துப் பார்த்தாள். "'கட்டாயமா' எண்டு போடு. 'கட்டாயமாப் பிடித்துக்கொண்டு.'"

நடாஷா இடைவெளியில் நெருக்கி எழுதினாள்.

ஹோல் வாசலில், நடைபாதையில், இருவரும் நின்றார்கள். கறுப்பு உடுப்போடு சனம் வந்துகொண்டிருந்தது. சிலர் வாசித்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள். ஒருத்தர் காலடியில் துப்பினார். "உங்களைப்போல ஆக்களாலதான் தோத்தனாங்கள்," என்றார். "ஐயா, வாசிச்சுப்போட்டுத் துப்புங்கோ," என்று பேர்ணடெற் அவர் முதுகுக்குச் சத்தமாகச் சொன்னாள். அமிர்தநாதர் பக்கத்துக் கதவால் உள்ளே போனார். புனிதவதி அன்ரி நேர்வழியால் வந்தார். படத்தை நின்று பார்த்தார், எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தார். பிறகு உள்ளே போனார். உள்ளே போகவேண்டியவர்தான் அவர்.

பேர்ணடெற்றுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. துப்பியவன்மேல், ஸ்பீக்கரில் கூப்பிட்டவன்மேல், அடுப்பைத் தட்டிய கால்மேல், பொக்கணையில் பால் வரிசையைக் குறிவைத்தவன்மேல், இரண்டு நிமிசத்தை வீணாக்கிய இருபத்தொன்பது வயதுப் பெண்மேல். இந்தக் கோபம் இனி ஆறாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆறவேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

நடாஷாவின் வயதுப் பிள்ளை ஒருத்தி, உள்ளே போனவள் திரும்பி வந்தாள். இளையோர் அணிச் சட்டை போட்டிருந்தாள். மட்டையை இரண்டு முறை வாசித்தாள்.

"இவ இப்ப உயிரோட இருக்கிறாவா?" என்று தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டாள்.

நடாஷா அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள் பேர்ணடெற். "அதைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறம்."

அந்தப் பிள்ளை மட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது, பிடிக்க இன்னொரு கை தேவைப்பட்டது.